ஃபிரிட்ஜுக்கு ஒரு பூட்டு

காருக்குள் உட்கார்ந்து ரோண்டா காலைச் சாப்பாட்டை முடித்தாள். வெண்ணெய் தடவிய ரொட்டி, ஆறிப்போன காப்பி. கார் எங்கும் போகவில்லை. வீட்டை ஒட்டிய ஷெட்டில், கதவை இழுத்து மூடிய இருட்டில் நின்றிருந்தது. பன்றி இறைச்சி ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த கைகள். கத்தி பிடித்த விரல்கள் இன்னும் மடங்கியே கிடந்தன. கோப்பையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துத்தான் குடிக்க முடிந்தது.

மகன் டேன் எடை குறைக்கும் நாட்களில் வீட்டுக்குள் சமையல் வாசனை வரக்கூடாது. அது அவள் புருஷன் கர்ட் போட்ட சட்டம். கர்ட்டும் அவன் தங்கை ஜோலீனும் கடைத்தெருவுக்குப் போய் முட்டையும் கறியும் தின்றுவிட்டு வருவார்கள். ரோண்டா எங்கே சாப்பிடுகிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

கோப்பையையும் தட்டையும் சீட்டிலேயே வைத்துவிட்டுச் சமையலறைக் கதவைத் திறந்தாள். வெளியே அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டிசம்பர் பனி. உள்ளே ஹீட்டரை முழுக்கத் திருகி வைத்ததில் அனல் முகத்தில் அடித்தது.

"எங்க ஒளிஞ்சிட்டு வர்றீங்க அண்ணி? பையில என்ன?" என்றாள் ஜோலீன்.

"அழுக்கு ஏப்ரன். மோந்து பாக்கறியா?"

"உங்களை நம்ப முடியாதே! போன வருஷமும் இப்படித்தான் பூனை மாதிரி இருந்தீங்க..."

விவாகரத்தாகி அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள் ஜோலீன். அவள் கழுத்துச் சங்கிலியில் ஒரு சாவி தொங்கியது. ஃபிரிட்ஜ் கைப்பிடிகளைச் சுற்றி இரும்புச் சங்கிலி, அதில் பூட்டு. பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டுக்குச் சமைத்தவளிடம் அந்தச் சாவி இல்லை.

டேன் பல்கலைக்கழக அணியின் மல்யுத்தக்காரன். நூற்று முப்பத்து மூன்று பவுண்டுப் பிரிவு. போன வருஷமும் இதே கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டுக்கு வந்து, பட்டினி கிடந்து, போட்டியன்று எடைமேடையில் ஏறியபோது இரண்டு பவுண்டு கூடியிருந்தான். களத்துக்குள்ளேயே விடவில்லை. கர்ட் அன்று போட்ட கூச்சலில் ரோண்டா முன்னால் வந்து நின்றாள். "நான்தான் ஊட்டினேன். மனசு கேக்கல..." என்றாள். மறுநாள் பூட்டு வந்தது.

அவள் ஊட்டவில்லை. அன்று விடியற்காலை துணி துவைக்கக் கீழ்நிலவறைக்கு இறங்கியவள், பெற்ற பிள்ளை ஃபிரீசர் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, உறைந்த பன்றித்தொடையை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டே அழுவதைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவன் வாயைத் துடைத்துவிட்டாள், அவ்வளவுதான். அந்த ஊரில் ஒரு தாய் முட்டாளாக இருக்கலாம். வாயைக் கட்ட முடியாத மல்யுத்தக்காரன் என்ற பேர் மட்டும் சாகிறவரை போகாது. டேன் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் திறக்கவில்லை.

இன்று மாலை மறுபடி எடை பார்க்கிறார்கள். தவறினால் அவன் இடம் காத்திருக்கும் இன்னொரு பையனுக்கு. இடத்தோடு படிப்புக்கான உதவித்தொகையும் போகும்.

குளியலறையிலிருந்து கர்ட்டின் குரல் வெடித்தது. "ஒண்ணரை பவுண்டு கூட இருக்கு! ரோண்டா... இங்க வா!"

டேன் உள்ளாடையோடு எடை மெஷின் மேல் நின்றிருந்தான். விலா எலும்புகள் தெரிந்தன. கையில், உடம்பு நீரைக் குறைக்க எச்சில் துப்பும் பாட்டில்.

"என்ன குடுத்த அவனுக்கு?"

"எதுவும் குடுக்கலீங்க. இப்பதான் வேலையிலிருந்து வர்றேன்..."

"போன வருஷம் குடுத்தேன்னு உன் வாயாலதானே சொன்ன!"

ரோண்டா மகனைப் பார்த்தாள். அவன் மெஷினையே பார்த்தான்.

கர்ட் கறுப்புக் குப்பைப் பையில் கைக்கு ஓட்டை வெட்டி, வியர்த்துக் கொட்டட்டும் என்று மகனுக்கு மாட்டினான். கீழே நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில், உடற்பயிற்சி சைக்கிளில் ஏற்றினான்.

"இந்தப் பையெல்லாம் காலேஜுல தடை பண்ணிட்டாங்களே..." என்றாள் ரோண்டா.

"காலேஜுல தடை. இது என் வீடு." கசக்கிப்போட்ட காகிதம் போலச் சுருண்டிருந்த காதைத் தேய்த்துக்கொண்டான் கர்ட். அவனும் ஒரு காலத்தில் மல்யுத்தக்காரன். "நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

ரோண்டா படிக்கட்டில் உட்கார்ந்தாள். சைக்கிள் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அவளுக்குக் கண் சொருகியது. சட்டென்று சத்தம் நின்றது. பிறகு சிமெண்டில் உடம்பு விழும் ஓசை.

ஓடினாள். டேனின் கால்கள் முறுக்கிக்கொண்டு துடித்தன. உதடு வெளுத்திருந்தது. பையைக் கிழித்துத் தொட்டாள். தோல் கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"ஜோலீன்! சாவியைக் கொண்டா!"

"அண்ணனைக் கேக்காம எப்படி அண்ணி..." என்றாள் சத்தம் கேட்டு இறங்கி வந்த ஜோலீன்.

"இன்னும் அரை பவுண்டுதான் இருக்கும்," என்றான் கர்ட். குரலில் பழைய பலம் இல்லை. "கொஞ்சம் துப்பினா..."

"துப்ப என்ன இருக்கு அவன்கிட்ட? தொட்டுப் பாருங்க! உங்க புள்ளையைத் தொட்டுப் பாருங்க!"

டேன் தாயின் சட்டையைப் பிடித்தான். "அப்பா... அம்மா குடுக்கல. போன வருஷமும் குடுக்கல... நான்தான் தின்னேன். திருட்டுத்தனமா... அந்தத் தொடையை..."

"பேசாதடா. மூச்சு வாங்குது," என்று அவள் அவன் வாயைப் பொத்தினாள்.

அவன் கையை விலக்கினான். "வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பூட்டைப் பாக்கறேன்மா... பாத்துட்டு சும்மா இருந்தேனே! நான் மனுஷனா..."

ஜோலீன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றப் போய், அது தலைமுடியில் சிக்கி, முடியோடு பிய்த்துக்கொண்டு மேலே சமையலறைக்கு ஓடினாள். ஆரஞ்சு ஜூஸ் வந்தது. ரோண்டா விரலால் தொட்டு அவன் உதட்டில் வைத்தாள். பிறகு ஒவ்வொரு மடக்காக.

"டாக்டர்கிட்ட போறோம். காரை எடுங்க," என்றாள்.

போன கர்ட் உடனே வரவில்லை. வந்தபோது கையில் ஒரு கோப்பையும் ரொட்டித் துணுக்கு ஒட்டிய தட்டும் இருந்தன.

"இது... முன் சீட்டுல..."

"என்னோடதுதான்."

"அங்கயா சாப்பிடற? இந்தக் குளிர்லயா?"

"வாசனை வரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவன் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். "நீ ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா அவனை என்ன பண்ணியிருப்பீங்க?"

கர்ட் கோப்பையையும் தட்டையும் படிக்கட்டில் வைத்தான். குனிந்து மகனைத் தூக்கினான். தூக்கியவன் முகம் கோணியது. கனம் இல்லாததுதான் காரணம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் சலைன் ஏற்றினார்கள். படுக்கையிலிருந்தே டேன் பயிற்சியாளரைக் கூப்பிட்டான். "இன்னிக்கு என்னால எடையில நிக்க முடியாது சார்... இனிமே அந்தப் பிரிவுக்கே இறங்க முடியாது." போனை வைத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "அந்தப் பையனை இறக்கறாராம்மா. எனக்கு... அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லிட்டார்." ரோண்டா அவன் முதுகைத் தடவினாள்.

மத்தியானம் வீடு திரும்பினார்கள். ஹீட்டரை ஜோலீன் குறைத்திருந்தாள். "அண்ணி... நான் என்னென்னமோ பேசிட்டேன்..." என்று ரோண்டாவின் தோளில் முகம் புதைத்து அழுதாள். ரோண்டா அவளை விலக்கவில்லை. அணைக்கவும் கையில் வலுவில்லை.

கர்ட் சாவியை நீட்டினான். "நீயே வச்சுக்கோ."

"எனக்கு எதுக்கு? பூட்டைக் கழட்டிக் குப்பையில போடுங்க. அப்புறம் முட்டை பொரிங்க. எனக்கு நிக்க முடியல."

அந்த வீட்டில் கர்ட் முட்டை பொரித்தது அதுதான் முதல் தடவை. வெண்ணெய் கருகியது, ஓடு விழுந்தது. வாசனை சமையலறையைத் தாண்டி, படிக்கட்டு இறங்கி, சைக்கிள் நின்ற அறைவரை போனது. யாரும் ஜன்னலைத் திறக்கச் சொல்லவில்லை.

ரோண்டா மேசையில் உட்கார்ந்தாள். முள்கரண்டியைப் பிடிக்க விரல் மறுத்தது. டேன் அதை வாங்கி, முட்டையைப் பிட்டு, அவள் வாயருகே கொண்டுபோனான்.

"நீ சாப்பிடுடா."

"நீ முதல்ல, அம்மா."

வாயைத் திறந்தாள். சூடாக இருந்தது.