ரெங்கராஜ், ஸ்ரீரங்கம்

பிரான்சி டீச்சர் வந்த நேரத்தில் கடையில் கூட்டமில்லை. அது நல்லதாகப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கும் நாற்பத்து மூன்று வயதுப் பெண், நாலு பேர் எதிரில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தால் அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரமாட்டார்.

"கரை ஏறுற நேரத்துல இப்படி ஆயிடுச்சுண்ணா," என்று அமிர்தசாமியிடம் ஒரு கடிதத்தை நீட்டினார்.

தென்னூரில் இருக்கும் அவருடைய கடையில் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து பைண்டிங் போட்டுக் கொடுப்பார்கள். அமிர்தசாமி பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் துணைநூற்பட்டியல்களை அவர் அளவுக்குப் படித்தவர் திருச்சியில் இருக்க மாட்டார்கள். எந்த ஆய்வேட்டையும் பின்பக்கத்திலிருந்துதான் புரட்டுவார். "முன்னாடி இருக்கறது அவங்க சொல்ல ஆசைப்பட்டது, பின்னாடி இருக்கறது அவங்க பார்த்தது," என்பார். அவரிடம் இருபத்திரண்டு வருஷமாகத் தட்டச்சு செய்யும் ஆலியாவுக்கும் துப்பறிவதில் ஆசை உண்டு. தப்பான ஆளைச் சட்டென்று பிடித்துவிடுவாள்.

கடிதம் வெளியூர்த் தேர்வாளர் எழுதியது. பிரான்சியின் ஆய்வு பொன்மலை ரயில்வே குடியிருப்புப் பெண்களைப் பற்றியது. எழுபத்து நாலாம் வருஷ வேலைநிறுத்தத்தைச் சொல்லும் நாலாவது இயல் முழுக்க ஒரே ஓர் ஆதாரத்தின்மேல் நின்றது. பட்டியலில் 'நூல்கள்' என்ற தலைப்பின் கீழ் அறுபத்து மூன்றாவது பதிவு:

செபாஸ்தியம்மாள், "அடுப்பு எரியாத இருபது நாள்", பச்சைக்கொடி, மலர் 2, இதழ் 6, டிசம்பர் 1974, பக். 11–14, ரெங்கராஜ், ஸ்ரீரங்கம்.

இயலில் அதைத் தொடரும் ஓர் அடிக்குறிப்பு: 'மேலது, வாசகர் கருத்துகள், ப. 15.'

இப்படி ஒரு நூல் எந்த நூலகத்திலும் இல்லை, ஸ்ரீரங்கத்தில் ரெங்கராஜ் என்று எந்தப் பதிப்பகமும் இருந்ததில்லை என்று எழுதியிருந்தார் தேர்வாளர். எல்லாவற்றையும்விட, டிசம்பர் இதழில் வந்த கட்டுரைக்கு வாசகர்கள் அதே டிசம்பர் இதழில் எப்படிப் பதில் எழுதினார்கள்? இது புனைந்த ஆதாரம். பதினைந்து நாளில் மூலத்தைக் காட்டாவிட்டால் ஆய்வேட்டை நிராகரிக்கப் பரிந்துரைப்பேன்.

"மூலத்தை நீங்க பார்த்தீங்களா டீச்சர்?" என்று கேட்டார் அமிர்தசாமி.

"இல்லண்ணா. அப்பாதான் கையால நகல் எடுத்து, பட்டியலுக்குக் குறிப்பட்டையும் எழுதிக் கொடுத்தாரு. எங்கேன்னு கேட்டப்பல்லாம், அழைச்சுட்டுப் போறேன்னு சொன்னாரு. அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாரு."

அப்பா தைரியராஜ், பொன்மலைப் பணிமனையில் ஸ்டோர்ஸ் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இறந்து இரண்டு வருஷம்.

"பட்டம் போனா போகட்டும்," என்றார் பிரான்சி. "எங்க கைடு ஒண்ணு கேட்டாரு. உங்களைச் சந்தோஷப்படுத்த உங்கப்பாவே இதை எழுதியிருப்பாரோன்னு. அதைத்தான் என்னால தாங்க முடியலை."

ஆலியா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் அவள்தான்.

அப்பாவின் குறிப்பட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. அமிர்தசாமி அவற்றை வரிசையாக மேஜைமேல் பரப்பி, டீ ஆறிப்போகும்வரை பார்த்தார்.

"சின்ன அச்சகமா இருக்கும்ணே," என்றாள் ஆலியா. "மூடிப்போயிருக்கும். ரெங்கராஜ் பிரஸ்னு பழைய ஆளுங்ககிட்ட விசாரிச்சா கிடைச்சிடும்."

"அச்சகமே இல்லைம்மா. முதல்ல இது புத்தகமே இல்லை. தலைப்பு மேற்கோள் குறிக்குள்ள இருக்கு. அடுத்து இன்னொரு பேரு, மலர், இதழ், பதினொண்ணுலேர்ந்து பதினாலு வரைக்கும் பக்கம். பெரிய ஒண்ணுக்குள்ள இது ஒரு துண்டு. அதாவது பத்திரிகைக் கட்டுரை. நாம அதைப் புத்தகங்களோட உக்கார வச்சுட்டோம், தேர்வாளரும் புத்தகத்தையே தேடிக்கிட்டிருந்திருக்காரு."

"உக்கார வச்சது நான்தான்," என்றாள் ஆலியா.

"சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டது நானு. அதை விடு. அடுத்தது, பெரிய ஓட்டைன்னு அவரு காட்டுற இடத்துலதான் வழி இருக்கு. அதே இதழ்ல வாசகர் கருத்து வந்திருக்கு. அச்சடிச்ச பத்திரிகைல அது நடக்காது, சரிதான். ஆனா ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கற பத்திரிகைல நடக்கும்."

பிரான்சி நிமிர்ந்து பார்த்தார்.

"கையெழுத்துப் பத்திரிகை, டீச்சர். பொன்மலை குவார்ட்டர்ஸ்ல நான் வளர்ந்த காலத்துல வீட்டு லைனுக்கு ஒண்ணு ஓடிச்சு. நல்ல கையெழுத்துக்காரர் ஒருத்தர் எழுதுவாரு, ஒருத்தர் படம் போடுவாரு. பழுப்பு அட்டை போட்டு வீடு வீடா வரும். ஒரு வீட்டுக்கு ரெண்டு நாள். கடைசில ரெண்டு பக்கம் வெறுமையா விட்டிருப்பாங்க. படிச்சவங்க அதுல கருத்து எழுதி அடுத்த வீட்டுக்குக் குடுக்கணும். எங்கம்மா கை ஈரத்தைத் துடைச்சுட்டுத்தான் தொடுவாங்க. சாயங்காலம் பணிமனைச் சங்கு ஊதி, சைக்கிளெல்லாம் வீடு திரும்பினதும், யார் என்ன எழுதியிருக்காங்கன்னு பார்க்கறதுக்கே ஒரு கூட்டம் சேரும்."

அந்தச் சங்கைக் கேட்டு வளராத ஆலியாவுக்கே எதையோ தவறவிட்டது போல ஏக்கமாக இருந்தது.

"அப்பா அட்டைல அது கையெழுத்துன்னு எழுதலையே," என்றார் பிரான்சி.

"அவருக்குப் பச்சைக்கொடின்னாலே அதுதானே. எழுதணும்னே தோணியிருக்காது." அமிர்தசாமி இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இப்ப இதைப் பாருங்க. புத்தகத்துக்கான குறிப்பட்டைல எல்லாம் அச்சகம், ஊர், வருஷம் ஒரே வரில இருக்கு. இதுல மட்டும் பக்க எண்ணோட முடிச்சுட்டு, கீழே தனியா 'ரெங்கராஜ், ஸ்ரீரங்கம்'. நீங்க ரெண்டையும் ஒரே வரியாக்கிட்டீங்க. உங்கப்பா ஸ்டோர்ஸ்காரர். என்ன சாமான்னு மேலே எழுதுவாரு, எங்கே இருக்குன்னு கீழே எழுதுவாரு. புத்தகத்துக்கு ஊர்னா அச்சான ஊர். ஒத்தைப் பிரதிக்கு ஊர்னா அது இருக்கற ஊர். ரெங்கராஜ் பதிப்பகம் இல்லை டீச்சர், அதை வச்சிருக்கற மனுஷன்."

ரயில்வே ஓய்வூதியர் சங்கத்துக்கு ஒரு போன் போதுமானதாக இருந்தது. "டிராயிங் ஆபீஸ் ரெங்கராஜா? அம்மா மண்டபம் ரோட்டுக்குக் குடிபோயிட்டாரே," என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

மறுநாள் மூவரும் பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் போனார்கள். ரெங்கராஜுக்கு எழுபத்தெட்டு வயது. நெற்றியில் திருமண், காதில் கருவி. தைரியராஜின் மகள் என்றதும் பிரான்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கோ, உக்காருங்கோ. பச்சைக்கொடிக்குப் படம் போட்டவன் நான்தான். எல்லா இதழும் பெருமாள் கிருபையில பத்திரமா இருக்கு."

வெள்ளை வேஷ்டித் துணியில் சுற்றிய கட்டைக் கொண்டுவந்து பிரித்தார். பழுப்பு அட்டையில் பச்சை மையால் ஒரு கொடி. பதினோராம் பக்கத்தில் செபாஸ்தியம்மாள் இருந்தார். பிரான்சி தன் அப்பாவின் நகலைப் பக்கத்தில் வைத்து, விரலை வரி வரியாக நகர்த்தினார். ஒரு சொல்கூட மாறவில்லை. தேர்வாளர் நம்பாத மூன்று வாசகர் கருத்துகளும் மூன்று விதக் கையெழுத்தில் பதினைந்தாம் பக்கத்தில் இருந்தன.

ஆலியா மூச்சை விட்டாள். அமிர்தசாமி விடவில்லை. "இவ்வளவு ஒழுங்கா நகல் எடுத்தவர், மகளை ஏன் அழைச்சுட்டு வரலை?" என்று ரெங்கராஜைக் கேட்டார்.

கிழவர் தயங்கினார். "மூணு நாள் இங்கேயே உக்காந்து எழுதினான். போறச்சே, கடைசித் தாளைக் கிழிச்சுண்டு போகட்டுமான்னு கேட்டான். இதழ்ல எழுதினதை எடுக்கப்படாதுன்னுட்டேன். அப்புறம் வரவே இல்லை."

பிரான்சி தாளைத் திருப்பினார். பதினாறாம் பக்கத்தில் ஒரே ஒரு கருத்து இருந்தது. அந்தக் கையெழுத்தைப் பிரான்சிக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியிருக்கவில்லை.

'வேலை இழந்த ஆண்கள் ஊர் முழுவதும் இருக்கையில் அடுப்பைப் பற்றி ஒரு கட்டுரையா? பெண்களின் புலம்பலுக்கு நாலு பக்கம் வீண். – அ. தைரியராஜ், அப்ரண்டிஸ்.'

பிரான்சி முதலில் சிரித்தார், அப்புறம் அழுதார். வீண் என்று எழுதிய அந்த நாலு பக்கத்தைத்தான் கிழவரானபின் மூன்று நாள் உட்கார்ந்து மகளுக்காக நகல் எடுத்திருக்கிறார் மனுஷர்.

ஆலியா மெல்லச் சொன்னாள்: "டீச்சர், தேர்வாளர் கேட்டது பதினைஞ்சாம் பக்கம் வரைக்கும்தான். அதுவரைக்கும் போட்டோ எடுத்தா போதும். இதை யாரு கேக்கப் போறா?"

பிரான்சி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கட்டுரையை ஒருத்தர் திட்டியும் எழுதியிருக்காரு. அதை விட்டுட்டா, அந்தம்மா யாரையெல்லாம் மீறி எழுதினாங்கன்னே தெரியாது. அப்பா பொய் எழுதலை. அது எனக்குப் போதும்." அட்டையிலிருந்து பதினாறாம் பக்கம்வரை ஒன்றுவிடாமல் படமெடுத்தார்.

படங்களைப் பார்த்த கைடு அன்று மாலையே கூப்பிட்டு, அவற்றைத் தேர்வாளருக்கு அனுப்பி, வாய்மொழித் தேர்வுக்குத் தேதி கேட்டு எழுதுவதாகச் சொன்னார். கடையில் ஆலியா அறுபத்து மூன்றை 'நூல்க'ளிலிருந்து எடுத்து, 'கையெழுத்து இதழ்கள்' என்று புதுத் தலைப்பு போட்டு அதன் கீழ் வைத்தாள். 'ஒரே பிரதி. ரெங்கராஜ் வசம், ஸ்ரீரங்கம். நேரில் பார்த்தது' என்று சேர்த்தாள். அதற்குக் கீழே பிரான்சி சொல்லச் சொல்ல இன்னொரு பதிவு: தைரியராஜ், அ., வாசகர் கருத்து, பச்சைக்கொடி, ப. 16.

"அண்ணா," என்றார் பிரான்சி, திரையைப் பார்த்தபடி. "இதை எழுதறப்ப அப்பாவுக்கு இருபத்தோரு வயசுன்னு அடைப்புக்குறிக்குள்ள போடலாமா?"

"பட்டியல்ல வயசு போடற வழக்கமில்லை டீச்சர். வருஷத்தைப் போட்டா போதும்."

பிரான்சி தலையசைத்தார். ஆலியா டிசம்பர் 1974 என்று அடித்தாள்.