ஜன்னல் வரிசைக் காய்ச்சல்

பொதுமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், மானுட வரலாற்றின் மாபெரும் மர்மம் ஒன்று ஓர் ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய் வார்டில் வெடித்தது. மூன்று கிழவர்களுக்குக் காய்ச்சல் வந்தது.

ஏற்கெனவே நுரையீரல் நைந்தவர்கள். ஒருவருக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து தொற்றைக் கொண்டுவந்தவள் வார்டு நர்ஸ்தான் என்று பெரிய டாக்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாலைக்குள் அவள் சீட்டுக் கிழிந்துவிடும். மூச்சிரைக்க ஓடிவந்து நிதானத்தின் கதவைத் தட்டினாள்.

துப்பறிபவருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். வீடு பற்றியெரிந்தாலும் செருப்பை ஒழுங்காக மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். அவர் மனைவியின் தம்பி நேர்மாறு. நர்ஸ் பேசி முடிக்குமுன் வண்டியைக் கிளப்பிவிட்டான். நிதானமோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குத்தண்டிலும் கன்னங்களிலும் மாஸ்க் அழுத்திய தடம் சிவந்திருந்தது.

மூவரும் மாஸ்க் மாட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தார்கள். காய்ச்சல் ஜன்னல் வரிசையில் மட்டும்தான். எதிர்வரிசை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வரிசைக்கும் மருந்து கொடுப்பது தான்தான் என்றாள் நர்ஸ். மைத்துனன் கட்டில்களுக்கடியில் தவழ்ந்து ஒரு சட்டைப் பொத்தானைக் கைப்பற்றினான். அது அவனுடையதுதான். பிறகு சுவரிலிருந்த புதுப் படத்தின் முன் சொக்கி நின்றான். 'முகக்கவசமே உயிர்க்கவசம்' என்ற எழுத்துக்குக் கீழே, ஜன்னலோரக் கிழவர்களின் நடுவே பெரிய டாக்டர் குனிந்து நின்றார்.

"என்ன சிரிப்பு அத்தான். பல்லு ஒண்ணொண்ணும் முத்து."

படம் திங்கட்கிழமை எடுத்தது, காய்ச்சல் புதன்கிழமை வந்தது என்றாள் நர்ஸ்.

அப்போது பெரிய டாக்டரே எழுந்தருளினார். இந்த வார்டில் தாம் ஒரு நொடியும் மாஸ்க்கைக் கழற்றியதில்லை என்று தொடங்கி, கடமை, கட்டுப்பாடு, தியாகம் வரை போய்த் திரும்பினார். நிதானம் காத்திருந்தார்.

"திங்கட்கிழமை உங்களுக்குச் சளியா டாக்டர்?"

"சளி இல்ல. வேலைப்பளு. கொஞ்சம் தும்மல்."

"மாப்ளே, அந்த முத்துப் பல்லை நீ எப்படிடா பார்த்தே?"

மைத்துனன் வாயைப் பிளந்தான். மாஸ்க் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"நர்ஸம்மா கொண்டு வந்திருந்தா ரெண்டு வரிசையுமில்ல காய்ச்சல்ல படுத்திருக்கும்?" என்றார் நிதானம். "அவங்க மாஸ்க் காத்துப் புகாம ஒட்டியிருக்கு, முகத்துத் தடமே சாட்சி. நீங்க மாஸ்க் போடச் சொல்ற படத்துக்காக மாஸ்க்கைக் கழட்டிட்டு, தும்மலோட இவங்க மூஞ்சிக்கு நேரா குனிஞ்சிருக்கீங்க. வெளிச்சம் ஜன்னல் பக்கம்தான் நல்லா இருந்திருக்கும்."

பெரிய டாக்டர் படத்தைப் பார்த்தார், கிழவர்களைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"மூஞ்சி தெரியலேன்னா, படத்துல இருக்கறது யாருன்னு ஜனங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"

நர்ஸின் வேலை தப்பியது. கிழவர்கள் தேறினார்கள். பெரிய டாக்டர் ஒரு வாரம் லீவு போட்டார். வார்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.