கடலூர் சாலையில் வலப்பக்கம்

காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்த பிரான்சுவா, அங்கே இல்லாத ஸ்டியரிங்கைக் கைகளால் தேடினார். பிறகு மகள் லினெட்டைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்து, இறங்கிச் சுற்றி வந்து சரியான இருக்கையில் ஏறிக்கொண்டார்.

பிரான்சில் ராணுவ லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், ஓட்டுவது வலப்பக்கம். மறதி நோய் வந்தபின் கைகளுக்கு அந்த நாட்டுச் சாலைதான் நினைவிருக்கிறது. சாவியை வாங்கிவிடச் சொல்லி டாக்டர் எச்சரித்தும் லினெட்டுக்கு நா எழவில்லை. கல்லறைத் திருநாளாயிற்றே, அம்மா கல்லறைக்கு இன்று மட்டும் ஓட்டட்டும், திரும்பியதும் வாங்கிவிடலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். அவளுடைய சின்ன மகள் கவிநிலா பின்னால் ஏறிக்கொண்டாள்.

கடலூர் சாலையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழை ஈரமும் டீசல் புகையும் எங்கிருந்தோ கருவாட்டு நெடியும் ஜன்னல் வழியே கலந்து வர, பப்பா வாய்க்குள் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தபடி ஓட்ட, கார் கொஞ்சங்கொஞ்சமாக வலப்பக்கம் நகர்வதும், எதிர் விளக்கு கண்ணைக் கூசவைக்கும்போது லினெட் பதறி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பதுமாகவே வழி போனது.

"பப்பா, லெஃப்டுல போங்க!"

"போறேன், போறேன். கத்தாத ஞானமேரி, கொழந்த முழிச்சிக்கும்."

ஞானமேரி, அவர்கள் மெழுகுவத்தி ஏற்றப் போகும் கல்லறையில் இருப்பவள்.

கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்து, "லினெட் தூங்கிட்டாளா?" என்று கேட்டார்.

"தாத்தா என்ன அம்மான்னு நெனச்சிக்கினாரு!" கவிநிலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

லினெட் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டாள். போதும். இனி ஒரு அடிகூட அவர் ஓட்டக்கூடாது.

தவளக்குப்பம் சந்திப்பு தாண்டி ஓரமாக நிறுத்தச் சொன்னாள். "நான் ஓட்றேன் பப்பா. நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்க."

"சரிம்மா."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

கதவுச் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஏறியாயிற்று என்று நினைத்தாரோ என்னவோ. கார் கிளம்பியது.

"பப்பா!"

ஓடினாள். செருப்பு கழன்றது. கார் நிற்கவில்லை. நிதானமாக, இண்டிகேட்டர் போட்டு, வலப்பக்கம் ஏறியது.

எதிரே பஸ். ஹாரன். விடாத ஹாரன்.

பின்னிருக்கையில் முழங்காலிட்டுத் திரும்பி, கவிநிலா அம்மாவுக்குச் சிரித்தபடி கை ஆட்டினாள். அவள் தலைக்குப் பின்னால் வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது.