அட்டைப்படத்தில் ஓர் ஈரக்கோடு

டமார்!

வாவிக்கரை மண்டபமே அதிர்ந்தது. முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

புகை விலகியது...

மேடையில் விரித்த வெள்ளைத் தாளில் கருகிய நாரை ஒன்று சிறகு விரித்திருந்தது.

வெடிமருந்தை எரித்துப் படம் வரையும் சீன உத்தி. செய்து காட்டியவர் விரிவுரையாளர் நௌஷாட். இன்று அவருடைய நூல் வெளியீடு. இன்றைய சீன ஓவியம் மட்டக்களப்பு ஓவியர்களை எப்படி மாற்றியது என்ற ஆராய்ச்சி.

கைதட்டல் ஓயவில்லை.

கடைசி வரிசை றுக்ஷானா மட்டும் தட்டவில்லை.

அந்த ஆராய்ச்சி அவள் காக்கா என்றழைக்கும் அண்ணன் அஸ்பாக்குடையது. நாலு வருட உழைப்பு. ஏழு மாதங்களுக்கு முன் அவன் வாவியில் பிணமாக மிதந்தான். தோணி கவிழ்ந்த விபத்து என்று கோப்பை மூடினார்கள். அவனுடைய மடிக்கணினியும் கெமராவும் கிடைக்கவேயில்லை. அன்று முழுவதும் கொழும்பில் இருந்ததாக அவனுடைய ஆராய்ச்சி வழிகாட்டி நௌஷாட் பொலிசுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

கேள்வி நேரம். றுக்ஷானா எழுந்தாள். நௌஷாட் அவளை முன்பின் பார்த்ததில்லை.

"சேர், அட்டைப்படம் நல்லாரிக்கு. ஆரு எடுத்த?"

"நான்தான் தங்கச்சி. எல்லாப் படமும் நானே அலைஞ்சு எடுத்தது."

"எப்ப சேர்?"

"போன வருசம்... ஓகஸ்ட்ல."

அவள் நூலைத் தூக்கிக் காட்டினாள். வாவியில் மீன்பிடிக் கம்புகள். அவற்றில் மை தீட்டிய நீளத் தாள்கள் தொங்கின. தாள்களின் நுனி தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. கம்புகளிலும் அதே உயரத்தில் ஓர் ஈரக்கோடு.

"நானும் அஸ்பாக் காக்காவும் கட்டின தாள் இது. அவர் மௌத்தான அண்டு விடியக்குள்ள. நுனி தண்ணியில முட்டி நிக்கணும், மை கரையணும். அதுதான் அவர்ட ஓவியம்."

நௌஷாட்டின் சிரிப்பு உறைந்தது.

"அண்டு பகல்தான் வட்டை வயலெல்லாம் மூழ்குதெண்டு, வாவித் தண்ணி கடலுக்குப் போக முகத்துவாரத்து மணல வெட்டின. தண்ணி இறங்கினது அதுக்குப் பிறகு. பொழுதுபட்டு மஃரிபு தொழுகைக்கு முதல் தாளும் இல்ல, காக்காவும் இல்ல. அப்ப இந்தப் படத்த எடுக்கக்குள்ள நீங்க எங்க சேர் நிண்டீங்க, கொழும்பிலயா?"

மண்டபத்து விவசாயிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயல் பிழைத்த அந்த நாளை யார் மறப்பார்?

"இல்ல... அது... அஸ்பாக் எடுத்த படமாயிருக்கும்..."

முன்வரிசையில் சாதாரண உடையில் இருந்த இன்ஸ்பெக்டர் வினாயகமூர்த்தி எழுந்தார். அவருக்கு அழைப்பிதழ் கொடுத்தவள் றுக்ஷானாதான்.

"அப்ப அவன்ட கெமரா உங்கட கைக்கு எப்பிடி வந்த?"

நௌஷாட்டின் கால்கள் பின்வாசலைத் தேடின. அங்கே இரண்டு கான்ஸ்டபிள்கள்.

றுக்ஷானா மேடை ஏறினாள். நூலையும் பேனாவையும் நீட்டினாள்.

"அச்சகத்தில உங்கட புத்தகத்துக்குப் பக்கம் கட்டி வடிவமைச்சது நான்தான் சேர். உள்ளுக்குக் கிடந்த இந்தப் படத்த அட்டைக்குத் தூக்கிப் போட்டதும் நான்தான்... விலங்கு போட முதல் ஒரு கையெழுத்து வெச்சுத் தாங்க."