உட்கார்ந்த பள்ளம்

மெத்தை எழவில்லை.

மனைவியைக் கைத்தாங்கலாகக் குளியலறைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, போர்வையை உதறி மடிக்கலாம் என்று திரும்பி வந்தபோதுதான் கவனித்தான். இரவெல்லாம் அவள் உட்கார்ந்தே தூங்கிய நாற்காலியில் உட்கார்ந்த பள்ளம் அப்படியே கிடந்தது. நல்ல ஃபோம் என்றால் ஆள் எழுந்த உடனே ஒரு சின்னச் சத்தத்தோடு நிமிர்ந்துவிடும். மட்டமானது கொஞ்சம் சோம்பல் முறித்துவிட்டு எழும். செத்துப்போன ஃபோம் எழாது, ஆனால் அது தொட்டால் பொடியாக உதிரும். இது அவனே வெட்டி, அவனே பசை தடவி, அவனே துணி இழுத்து அடித்த புது ஃபோம். மீசை அரும்பிய நாளிலிருந்து குஷன் வேலை பார்க்கிறவன். பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தான். சூடாக இருந்தது. சூடாகத்தானே இருக்கும், இப்போதுதானே எழுந்தாள்.

"ஏங்க, துண்டு."

துண்டைக் கொடுத்து, முகம் துடைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அவளைக் கூட்டி வந்தபோது மெத்தை மேடாக, ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தது. ஏதாவது ஸ்பிரிங் சிக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். தொழில் தெரிந்தவனுக்கு எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும்.

அவள் கழிவுப் பஞ்சு ஆலையில் வேலை பார்த்தவள். இத்தனை வருஷமும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே இழுத்ததெல்லாம் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, இப்போது படுத்தால் மூச்சு வருவதில்லை. தலையணைகளை அடுக்கிப் பார்த்தான், சரிந்து விழுந்தாள். மேஜைமேல் தலையை வைத்துத் தூங்கப் பார்த்தாள். விழித்தபோது உதடு நீலமாக இருந்தது. "படுக்க வைக்காதீங்க, உக்கார வெச்சே தூங்க வைங்க" என்றார் டாக்டர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். ஊரார் முதுகுக்கெல்லாம் சாய்வு கண்டுபிடித்துக் கொடுத்தவனுக்குத் தன் பெண்டாட்டி முதுகுக்கு ஒன்று பிடிபடவில்லை. ராத்திரி பூராவும் அவள் நெஞ்சில் விசில் அடிக்கும். அதைக் கேட்டுக்கொண்டே பாயில் கிடப்பான்.

அந்தச் சமயத்தில்தான் நாற்காலி வந்தது.

ஒரு பெரிய வீட்டு முன்னறையைப் பிரித்து மாற்றும் வேலை. பழைய சோபாக்களை ஏற்றிவரப் போயிருந்தான். மச்சினன், மனைவியின் தம்பி, தன் லோடு வண்டியோடு கூட வந்திருந்தான். அங்கே ஜன்னல் ஓரத்தில் அது நின்றது. முன்கால்களில் ஒன்று பந்து, இன்னொன்று கூம்பு. பின்கால்கள் படிக்கட்டு மாதிரி. முதுகு பிறை வடிவம். மெத்தைத் துணியில் கறுப்பும் வெள்ளையுமாகப் புழுக்கள் நெளிவதுபோல் அச்சு. கைப்பிடிகள் ரோஸ் நிறத் திண்டுகள். அவை மெத்தையைத் தொடாமல் இரண்டு மர உருண்டைகள்மேல் உயரமாக உட்கார்ந்திருந்தன. பக்கத்தில், அதற்குச் சம்பந்தமே இல்லாமல், பச்சை ஏறிய பித்தளையில் ஒரு பழங்காலத்து நிலைவிளக்கு. நீளக் கழுத்து, தேன் நிறக் கண்ணாடித் தொப்பி. மீன் கொத்தக் குனிந்த கொக்கு மாதிரி நாற்காலிமேல் குனிந்திருந்தது. பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போயிடுங்க மாஸ்டர்" என்றாள் வேலையை நடத்திய உள்ளலங்கார டிசைனர். "ஒரு காலத்துல எல்லாரும் ரொம்ப சீரியஸா சாமான் செஞ்சாங்க. பின்னாடி வந்தவங்க அதைக் கிண்டல் பண்ணி சாமான் செஞ்சாங்க. விளக்கு சீரியஸ், நாற்காலி கிண்டல். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னாதான் ரூம் பேசும்."

"பேசுமோ என்னமோ மேடம், இது நம்மளப் பாத்து சிரிக்குது" என்றான் மச்சினன். "மாமா, இது நாற்காலி இல்ல, கோமாளி."

டிசைனர் சிரிக்கவில்லை. "விளக்கு பக்கத்துல எரியணும். எரியாம இதுல யாரும் உக்கார வேணாம்."

"ஏன் மேடம்?"

"இந்த வீட்டுல அப்படித்தான் வெச்சிருந்தாங்க." போன் வந்ததுபோல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டிசைன் பேச்சு என்று அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டிக் குலுக்கலில் விளக்கின் கண்ணாடி விரிசல் விட்டது, ராப்பகலாக எரிந்ததில் பல்பு ஹோல்டரும் கருகிப்போயிருந்தது. அதை முன்பக்கம் கடையில் ஃபோம் அடுக்குக்குப் பின்னால் சாத்தி, மேலே சாக்கைப் போட்டு மூடினான். நாற்காலியைப் பிரித்து, உள்ளிருந்த பழைய அடைப்பை வீசிவிட்டு, புதுசு போட்டு, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் கொண்டுபோனான்.

முதல் நாள் அவள் அதில் உட்கார்ந்ததும் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. விசில் நின்றது. அவன்தான் தூங்கவில்லை. அடிக்கொருதரம் எழுந்து அவள் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு வந்தது, இதமாக, இளவட்டக் காலத்தில் வந்த மாதிரி. அந்த அசிங்கமான நாற்காலியைக் கும்பிடலாம்போல இருந்தது.

"கோமாளிக்கு என்னைப் பிடிச்சுப்போச்சு" என்றாள் காலையில். "நீங்கதான் இனிமே பாயில தனியா."

"பொறாமையா இருக்கு போ" என்றான்.

அதன் பிறகுதான் அந்த எழாத பள்ளம்.

கொஞ்ச நாளில் அவள், "இறுக்கமா இருக்குங்க. ரெண்டு பக்கமும் முட்டுது" என்றாள். நோவில் உடம்பு நீர் கோத்திருக்கும் என்று நினைத்தான். இடுப்பை அளந்தான். போன மாதத்தைவிட இளைத்திருந்தாள். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, அவள் சொன்னபடியே செய்தான்: கைப்பிடிகளைக் கழற்றி, மெத்தைக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து அகலப்படுத்தி, தள்ளிப் பொருத்தினான். பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனதால் அடியில் பட்டையை நெருக்கி அடித்து, தடித்த ஸ்பிரிங் போட்டான். இரண்டு ஆள் கனத்தைத் தாங்கும். வேலையை முடித்து, கையைத் துடைத்தபோது தன் மனசில் வந்த அந்த வார்த்தையே அவனை என்னமோ செய்தது. இரண்டு ஆள்.

அவள் இளைக்க இளைக்கப் பள்ளம் ஆழமானது. குளியலறைக்குத் தூக்கிப்போகும்போது கையில் கனமே தெரியவில்லை, உதறிப் போட்ட உறை மாதிரி இருந்தாள். கன்னத்தில் மட்டும் நல்ல நிறம்.

ஒரு மத்தியானம் அவளைக் கொல்லையில் வெயிலில் உட்கார வைத்துவிட்டுச் சீப்பு எடுக்க உள்ளே வந்தான். அறையில் நிழல். பசை வாசனை, தைல வாசனை, அதற்குக் கீழே வேறொன்று: பூட்டிவைத்த அலமாரியைத் திறந்ததும் வருகிற, ரொம்ப நாள் யாரோ உடுத்திய துணியின் வாசனை. நாற்காலியில் பள்ளம் இருந்தது. அகலமான பள்ளம். அவள் எழுந்து போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

சீப்பை எடுக்காமல் நின்றான்.

கொல்லையில் அவள் இருமினாள். மெத்தையின் முன் விளிம்பு அமுங்கியது. பிறகு இரண்டு கைப்பிடிகளும் ஒரே நேரத்தில் அமுங்கின, உள்ளங்கை அகலத்துக்கு. பிறகு எல்லாம் மெல்ல, பின்னாலிருந்து முன்னாலாக, எழுந்தது.

ஒரு மனிதன் நாற்காலியை விட்டு எழுவது அப்படித்தான். முதலில் முன்னால் நகர்வான். கைகளை ஊன்றுவான். எழுவான். வாழ்நாள் பூராவும் அவன் பார்த்து, அதற்கேற்றபடி ஃபோம் வெட்டிய வரிசை. அவனுக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவில் காற்று கொஞ்சம் நகர்ந்தது. சிமெண்டுத் தரையில் சத்தம் எதுவும் இல்லை. வெளியே அவள் இருமல் நின்றது, யாரோ முதுகைத் தடவிக் கொடுத்ததுபோல.

மறுநாள் காலையிலேயே மச்சினனைக் கூப்பிட்டு நாற்காலியை வண்டியில் ஏற்றச் சொன்னான். காரணம் கேட்டதற்கு மூட்டைப்பூச்சி என்றான்.

"மாமா, இதுக்குள்ள கருங்கல்ல வெச்சுத் தெச்சீங்களா?" என்றான் மச்சினன், தூக்க முடியாமல் வாசலில் இறக்கிவிட்டு. "கோமாளிக்குச் சாப்பாடு பலமா இருக்கு. எங்கக்காவுக்கும் கொஞ்சம் போட்டிருக்கலாம்."

முந்தின ராத்திரியே பட்டறையில் விடிய விடிய உட்கார்ந்து அவன் தானே ஒன்று செய்திருந்தான். அதே உயரம், அதே சாய்வு, அதே ஃபோம். கைவிரல்களில் ரத்தம். வண்டி கிளம்பியதும் அதில் உட்கார வைத்தான்; அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விசில்கூட வரவில்லை. வாய் திறந்து திறந்து மூடியது.

"அதையே... கொண்டாங்க."

"அது வேணாம்மா. சொன்னாக் கேளு."

"செத்துருவேங்க." கண் பிதுங்கியது. உதடு நீலம். நகம் நீலம். "உங்க காலைப் பிடிக்கிறேன்."

வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்கவில்லை. அவனே ஓடிப்போய் மறித்தான். அவனே இறக்கினான். அவனே அவளைத் தூக்கி அதில் உட்கார வைத்தான். மூச்சு திரும்பியது. இரண்டு கைப்பிடிகளையும் தடவிக்கொண்டே கண்ணை மூடினாள். அவன் சுவரோரமாக உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். வைத்திருந்தால் போய்விடுவாள். எடுத்தால் இப்போதே போய்விடுவாள்.

டிசைனருக்குப் போன் போட்டான். நாற்காலி என்று ஆரம்பித்ததுமே அவள் கேட்டாள்:

"மாஸ்டர், விளக்கு எரியுதா?"

"இல்லீங்க. அது உடைஞ்சுபோச்சு, அதனால..."

மறுமுனையில் போனை வைத்துவிட்டாள். திரும்பப் போட்டான். எடுக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரம். சாக்கை இழுத்துப் போட்டு விளக்கை வெளியே எடுத்தான். பழைய ஒயரை உருவிவிட்டுப் புதுசு கோத்தான். ஹோல்டர் மாற்றினான். விரிசலில் டேப் ஒட்டினான். திருப்புளி வழுக்கி வழுக்கி உள்ளங்கையைக் கிழித்தது. கேட்காமல் விட்ட வார்த்தையை இப்போது கேட்டுவிட்டால் போதும் என்று ஏதோ ஒரு கணக்கு. எரிந்தால் சரியாகிவிடும். அந்த வீட்டில் எரிந்ததே. பகலிலும் எரிந்ததே. யாரிடம் என்று இல்லாமல், இது ஒன்று மட்டும் பலிக்கட்டும், இவள் ஒருத்தியை விட்டுவிடட்டும் என்று வாய்க்குள் முனகிக்கொண்டே வேலை செய்தான்.

அறை இருட்டாகியிருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வை தரையில் நழுவிக் கிடந்தது. மூச்சு சீராக வந்தது. கூடவே, அவள் மூச்சு உள்ளே போகும்போது வெளியே வருகிற இன்னொன்று. அது தன்னுடையது என்று சொல்லிக்கொண்டான். வாயை மூடிப் பார்க்கவில்லை.

விளக்கை நாற்காலிக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, அவள் கண்ணில் அடிக்கக் கூடாதென்று கழுத்தை வளைத்துக் கைப்பிடிக்குக் கீழே இறக்கினான். சுவிட்சைப் போட்டான்.

தேன் நிற வெளிச்சம் எதிர்ச் சுவரில் போய் விழுந்தது.

எரிந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாற்காலி. அவள். அப்பாடா என்று எதிர்ச் சுவர்ப்பக்கம் போய்ப் பார்த்தான்.

சுவரில் மெத்தையின் நிழல், நடுவில் ஆழமாகக் குழிந்து.

அதற்கு மேலே வெளிச்சம்.

அதற்கு மேலே அவள் நிழல்.

நடுவில் வெளிச்சம் வர வழியில்லை. உட்கார்ந்திருக்கிற ஆளுக்கும் மெத்தைக்கும் நடுவில் வெளிச்சம் வராது. மெதுவாகத் திரும்பினான். அவள் தொடைக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாக விளக்கின் பல்பு தெரிந்தது. ஒரு முழம் இருக்கும். மெத்தை அடிவரை அமுங்கிக் கிடந்தது, அவன் போட்ட தடித்த ஸ்பிரிங்குகள் முனகின, அவள் அதைத் தொடவே இல்லை. அவள் கைகள் இரண்டும் அவள் மடியில் இருந்தன.

"இந்தா" என்றான். "இந்தாம்மா. எழுந்துரு."

அவள் உதட்டில் தூக்கச் சிரிப்பு.

முன் விளிம்பு அமுங்கியது.

"வேணாம்" என்றான்.

கைப்பிடிகள் அமுங்கின. இரண்டும்.

"வேணாம், சொல்றேன்ல."

பின்னாலிருந்து முன்னாலாக. மெல்ல.

மெத்தை எழுந்துவிட்டது. ஒரு சுருக்கமும் இல்லாமல் மேடாக, புத்தம் புதுசாக நின்றது. விளக்கு குனிந்து அந்தக் காலி நாற்காலியைக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, வெளிச்சம் எட்டியும் எட்டாத உயரத்தில், முழங்கால்களை மடக்கி, கன்னத்தை எதிலோ சாய்த்து, அவள் நன்றாக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.