ஜீப்பில் கருத்தம்மா அத்தையின் இடம்

எங்கள் ஜீப்பைப் பாதியாக வெட்டப் போகிறார்கள் என்ற செய்தி ஊருக்கே தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டீக்கடையில் அதைப் பற்றிப் பேசினார்கள். பால்காரர்கூடப் பேசினார். வீட்டிலேயே இருக்கும் என்னிடம் மட்டும் யாரும் மூச்சுவிடவில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கிறவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

"ஏம்ப்பா, நல்லா ஓடுற வண்டிய எதுக்கு வெட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"வெட்டலத்தா. பிக்கப்பா மாத்துறோம்" என்றார் அப்பா.

"மாத்துறதுக்கு வெட்டணும்ல?"

"ஆமா, வெட்டணும்" என்று மெதுவாக ஒத்துக்கொண்டார்.

என் அப்பா பெயர் பொன்னுராஜ். அனுமந்தன்பட்டியிலிருந்து கம்பம்மெட்டுக்கு மேலே கேரளாவில் உள்ள ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை வேலைக்கு ஏற்றிப் போவதுதான் அவர் தொழில். விடியும் முன்பே கிளம்பி, பொழுது சாயும்போது எல்லோரையும் ஊரில் இறக்கிவிடுவார். பஸ் ரோட்டை விட்டுத் திரும்பினால் தோட்டம் வரைக்கும் மண்பாதைதான். மழை பெய்தால் முழங்கால் சேறு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற எங்கள் ஜீப் மாதிரி வண்டிதான் அதில் ஏறும்.

"இப்ப மெட்டு செக்போஸ்ட்டுல வண்டிய நிறுத்தித் தலையை எண்ணுறாகத்தா. ஆளு கூடுனா வண்டியப் பிடிச்சுப் போடுறாக. திராட்சை ஏத்துனா யாரும் எண்ண மாட்டாக."

அப்பா சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்கு உடனே கருத்தம்மா அத்தையின் ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்துத் தோட்ட ஜீப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. கண்ட இடத்தில் யாரும் உட்கார முடியாது. டிரைவருக்குப் பின்னால் யார், நடுவில் யார், கதவோரம் யார் என்று எல்லாம் முடிவாகியிருக்கும். ஒருத்தி காய்ச்சலில் படுத்தால் அவள் இடத்தில் அவள் அக்காவோ தங்கையோதான் உட்காரலாம். எங்கள் பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

எங்கள் ஜீப்பில் இடதுபக்க பெஞ்சின் கடைசி இடம் கருத்தம்மா அத்தையுடையது. அத்தைக்கு வீட்டுக்காரர் இல்லை. ஒரே மகள் மாரீஸ்வரி. அவள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள்.

சனிக்கிழமை அப்பாவோடு நானும் உத்தமபாளையம் பட்டறைக்குப் போனேன். வெல்டிங் கோட்டைச்சாமி மாமா முதலில் பெஞ்சுகளைக் கழற்றி வெளியே போட்டார். பிறகு முன்சீட்டுக்குப் பின்னால் கூரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கேஸ் கட்டரைப் பற்ற வைத்தார். சர்ரென்று தீப்பொறி பறந்தது.

"கண்ணைப் பொத்திக்கத்தா!" என்றார்.

நான் பொத்திக்கொண்டேன். திறந்து பார்த்தபோது எங்கள் ஜீப் வால் அறுந்த பல்லி மாதிரி நின்றது. முதுகுக்கு ஒரு தகரத்தை வைத்து அடைத்து, பின்னால் சரக்கு ஏற்றத் தொட்டி கட்டினார்கள்.

"இன்ஜினு, கியரு, ஃபோர் வீலு எல்லாம் அப்படியே இருக்கு. ஆளு உட்காருற எடம் மட்டும்தான் போச்சு" என்று கோட்டைச்சாமி மாமா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்மேல் கோபம்தான் வந்தது.

மறுவாரம் எங்கள் ஜீப்பில் போன பெண்களெல்லாம் ஆளுக்கொரு வண்டியில் தொற்றிக்கொண்டார்கள். ஒருத்திக்கு அக்கா இருந்தாள், இன்னொருத்திக்கு நாத்தனார் இருந்தாள். சொந்தக்காரிகள் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். கருத்தம்மா அத்தைக்கு எந்த ஜீப்பிலும் யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் மாரீஸ்வரி என்னிடம் சொன்னாள்.

"திங்கக்கிழமை நான் டி.சி. வாங்கப் போறேன்."

"ஏண்டி?"

"அம்மா தோட்டத்துக்குள்ள கூலியாளுக இருக்குற லயத்து வீட்டுலயே தங்கப் போகுதாம். நானும் போகணும். அங்கன பக்கத்துல இருக்குறது மலையாளப் பள்ளிக்கூடம்தான்."

அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அது அழுவதைவிட மோசமாக இருந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் நான் ஜீப்புகள் நிற்கும் முக்குக்கு ஓடினேன். ஒரு வண்டியில் பிச்சையம்மாள் பெரியம்மா முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தார். அந்த ஜீப்பில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"பெரியம்மா, கருத்தம்மா அத்தைக்கு ஒரு எடம் குடுங்க. அவுக ஒல்லிதான். எடத்தை அடைக்க மாட்டாக."

"ஏ புள்ள, வண்டிய வெட்டுனது யாரு?" என்றார் பெரியம்மா.

"எங்கப்பா."

"அப்ப அவரைப் போயி கேளு. இங்கன ஒருத்தி ஏறுனா ஒருத்தி எறங்கணும். நீயே சொல்லு, யாரை எறக்கட்டும்?"

உள்ளே உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தேன். எல்லோரும் மடியில் தூக்குச்சட்டியை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். யாரை இறங்கச் சொல்வது? நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

அப்பாவிடம் கேட்டேன்.

"பின்னாடி தொட்டியில அத்தையை ஏத்திக்கிறலாமா?"

"சரக்குத் தொட்டியில ஆளை ஏத்தக் கூடாதுத்தா. நான் தினமும் மலைக்குப் போகப் போறதும் இல்ல. திராட்சைத் தோட்டம் எல்லாம் கீழதான இருக்கு."

"அப்ப மாரீஸ்வரி நம்ம வீட்டுல இருக்கட்டும். இங்கிருந்தே பள்ளிக்கூடம் வரட்டும்."

அம்மாதான் அடுப்படியிலிருந்து, "ஒரு தட்டு கூடப் போடுறதுக்கு என்ன? போய் அவுக அம்மாகிட்ட கேளு" என்றார். அப்பா துணியை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். துடைப்பதற்கு அதில் பாதிதான் இருந்தது.

அத்தை வீட்டில் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் மூச்சுவாங்க விஷயத்தைச் சொன்னேன். அத்தை முடிச்சுப் போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்கப்பன் என் எடத்தை வெட்டிப் போட்டாரு. இப்ப எம்புள்ளையையும் நீங்களே வச்சுக்கப் போறீகளா?"

அத்தை என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. திரும்பி ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் ஓடினால் திங்கட்கிழமை டி.சி. வாங்கிவிடுவார்களே!

"வச்சுக்கல அத்தை. பள்ளிக்கூடம் உள்ள நாளைக்கு மட்டும்தான். சனிக்கிழமை சாயங்காலம் நீங்க ரோடு வரைக்கும் நடந்து, பஸ்ல கீழ எறங்கி வந்து அவளைக் கூட்டிக்கங்க. லீவு விட்டா அவ மேல வரட்டும். அவ உங்க புள்ளதான்."

அத்தை மகளிடம் திரும்பினார். "நீ என்னடி சொல்ற?"

மாரீஸ்வரி மூட்டையைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கு மலையாளம் ஒரு எழுத்துகூடத் தெரியாதும்மா."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ திங்கிற அரிசிய நான்தான் குடுத்துவிடுவேன். உங்கம்மா வேணாம்னு சொல்லக் கூடாது. சொன்னா அன்னைக்கே எம்புள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன்."

"சரி அத்தை" என்றேன்.

திங்கட்கிழமை காலையில் பிக்கப்பின் முதல் லோடு திராட்சை இல்லை. ஒரு தகரப்பெட்டி, பாத்திர மூட்டை, பாய், தண்ணீர்க்குடம். எல்லாவற்றையும் அப்பாவே தூக்கித் தொட்டியில் வைத்துக் கயிறு கட்டினார். தொட்டியில் கால்வாசிகூட நிறையவில்லை.

அப்பா முன்கதவைத் திறந்துவிட்டார். "ஏறு தங்கச்சி."

இத்தனை வருடமும் கடைசி இடத்தில் குலுங்கிக்கொண்டு போன கருத்தம்மா அத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாக முன்சீட்டில் உட்கார்ந்தார். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாரீஸ்வரியின் ரிப்பனை ஜன்னல் வழியாக இறுக்கிக் கட்டிவிட்டு, "போ, மணியடிச்சிருவாக" என்றார்.

வண்டி கம்பம் ரோட்டில் திரும்பும் வரை நாங்கள் இருவரும் நின்றோம். பிறகு மாரீஸ்வரி விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். நான் பேச்சுக் கொடுத்தேன். அவள் திரும்பவே இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. அவள் கோபத்துக்குக் காரணம் இருந்ததால் வற்புறுத்தாமல் பின்னால் நடந்தேன்.

வகுப்பில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பையை நடுவில் வைத்துக்கொண்டாள்.

டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வந்தார். "மாரீஸ்வரி!"

பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்கும்படி, தொண்டை கிழிய அவள் கத்தினாள்.

"உள்ளேன் டீச்சர்!"