எளாவூர்ப் பள்ளியின் ஆடும் நாற்காலிகள்

எளாவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே களேபரம். செல்வியின் அப்பா அப்பாவு செய்துகொடுத்த புது நாற்காலிகள் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்திருந்தன. தலைமையாசிரியர் துளசிராமன் உட்கார்ந்ததும் அவருடைய நாற்காலி மடக்கென்று சாய்ந்தது. பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே!

"இன்னொரு தரம் ஆடட்டும், அடுத்து வர்ற பெஞ்சு வேலையை மீஞ்சூர் தச்சருக்குக் கொடுத்துடுவேன்," என்றார் அவர்.

செல்வி அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள். நைனா செய்தது ஆடுமா? யாரோ வேண்டுமென்றே ஆட்டி வைக்கிறார்கள்! யார்? மீஞ்சூர் தச்சர் அவள் வகுப்புத் தானியேலுக்கு மாமா. அந்தத் தானியேல் வெள்ளிக்கிழமைதோறும் எல்லாருக்கும் முன்னால் பள்ளிக்கு வந்துவிடுகிறான். வீட்டுப்பாடமே செய்யாதவனுக்கு அப்படி என்ன அவசரம்?

அந்த வெள்ளிக்கிழமை அவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தானியேல் வந்தான். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். 'மாட்டிக்கினான்!' என்று செல்வி பின்னாலேயே ஓடினாள்.

அங்கே பள்ளி ஆயா குப்பம்மாள் வாளியோடு நின்றிருந்தார். நாற்காலிமேல் மளமளவென்று தண்ணீரைக் கொட்டித் தேய்த்தார்.

"இன்னா செல்வி, திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறே?" என்றான் தானியேல். "ஆயாம்மாவுக்கு இடுப்பு வலி. அதான் தூக்கிக்கினு வரேன்."

"உங்க நைனா செஞ்சதாச்சே! வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பளிச்சுனு இருக்க வேணாமா?" என்றார் குப்பம்மாள் பெருமையாக.

செல்விக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் அப்பாவு தலையில் கைவைத்துக்கொண்டார். நாற்காலிச் சட்டத்தின் முனையில் நாக்கு மாதிரி செதுக்கி, காலில் உள்ள துளையில் சொருகுவார்கள். அதற்குக் கழுந்து என்று பெயர்.

"பசையை நம்பிக் கழுந்தைக் குட்டையா வெச்சேன். தண்ணி பட்டா பசை இளகிடுமே! இரு, கழுவக் கூடாதுன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்றேன்."

"வேணாம் நைனா! ஆயாம்மாவைத் திட்டுவாரு, பாவம். மாட்டுவண்டி மழையில நனைஞ்சிக்கினே போவுதே, அதுக்கும் பசையா போடறாங்க?"

"இல்ல. கழுந்து மறுபக்கம் வரைக்கும் போவும். குறுக்கால துளை போட்டு ஆப்பு அடிப்போம்."

"நாற்காலிக்கும் அப்படியே அடி நைனா!"

அப்பாவு மகளை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாளே நீளமான கழுந்து வைத்த சட்டங்களாக மாற்றி, மூங்கில் ஆப்பு அடித்து இறுக்கினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை குப்பம்மாள் ஆசை தீரக் கழுவினார். வெயிலில் காய்ந்த நாற்காலியைத் துளசிராமன் சந்தேகமாகப் பார்த்தார். அமுக்கினார். ஆட்டினார். பாதி உட்கார்ந்தார். பிறகு நன்றாகச் சாய்ந்தார். நாற்காலியிடமிருந்து முனகல்கூட இல்லை.

"செல்வி, பெஞ்சுக்கு அளவெடுக்க உங்க அப்பாவை வரச்சொல்லு."

"வெளியதான் நிக்கறாரு சார்! நீங்க விழுவீங்களோன்னு பயந்துக்கினு," என்றாள் செல்வி.

துளசிராமனே முதலில் சிரித்தார்.